விழுந்ததை எடுக்கலாகாது

ஐயா, ஒன்று கேட்கிறேன். நெஞ்சில் கைவைத்துப் பதில் சொல்லுங்கள். உங்களிடமிருந்து நழுவி, உங்கள் கண்ணெதிரிலேயே தரையில் கிடக்கும் உங்கள் சொந்தப் பொருளைக் குனிந்து எடுக்காமல், எட்டு மணி நேரம் நீங்கள் எப்போதாவது நின்றதுண்டா?

இல்லை அல்லவா? நான் நிற்கிறேன். காலை எட்டரை மணி முதல் நிற்கிறேன்.

மின்கணக்கு எடுக்க வந்திருக்கிறீர்கள் என்பது உங்கள் கையிலுள்ள கருவியைக் கண்டதுமே தெரிந்தது. மீட்டர் அந்தத் தகரக் கொட்டகையின் பின்சுவரில் இருக்கிறது. அது எங்கும் ஓடிவிடாது. வலப்பக்கமாக வராதீர்கள்! இடப்பக்கம். இன்னும் சற்று. அங்கேயே நில்லுங்கள். துப்பாக்கியின் வாய் வலப்பக்கம் பார்த்துக் கிடக்கிறது. ஆம், துப்பாக்கிதான். எங்கே என்கிறீர்களா? அந்தக் கோழிக்கு அடியில்.

அஞ்ச வேண்டாம். அது காலியான துப்பாக்கி. காலையில் உறையில் வைக்கும் முன் மூன்று முறை திறந்து பார்த்தேன். ஒரு தோட்டாவும் இல்லை. ஆயினும், எந்தத் துப்பாக்கியையும் நிறைந்ததாகவே கருத வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. ஆகையால், காலியானது என்று எனக்குத் தெரிந்த துப்பாக்கியை நிறைந்தது என்று கருதிக்கொண்டு நான் நிற்கிறேன். தெரிந்துகொள்வது அறிவு. தெரிந்த பிறகும் அஞ்சி நடப்பது ஒழுக்கம்.

என் பெயர் செங்கோட்டுவேல். எடையளவுத் துறையில் முப்பத்தோராண்டு முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாவட்டத்தில் என் கைபடாத தராசு இல்லை. நீங்களும் அளவு எடுக்கும் ஊழியர். அளவு என்றால் என்னவென்று அறிந்தவர். அதனால்தான் உங்களிடம் மனம் திறக்கிறேன். காலையிலிருந்து வந்த எவரிடமும் இப்படிப் பேசவில்லை. தண்ணீர்க் கேன்காரரிடம் சிறிது பேசினேன். அவர் கேனை வாயிலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கைவிடப்பட்ட இந்தக் கல்குவாரியில் எங்கள் துப்பாக்கி சுடும் சங்கம் பன்னிரண்டு ஆண்டுகளாக இயங்குகிறது. உறுப்பினர்களில் பாதிப்பேர் கோழிப்பண்ணைக்காரர்கள். மீதிப்பேர் லாரித் தொழில் செய்பவர்கள். விளையாட்டு எளியது. இடுப்பில் உறை, உறையில் துப்பாக்கி. மணி ஒலித்ததும் உருவி, ஓடி, நின்று, அதோ வரிசையாக நிற்கும் இரும்புத் தகடுகளைச் சுட்டு வீழ்த்த வேண்டும். குறைந்த நேரத்தில் முடிப்பவர் வெல்வார். உலகம் சுடுவதைத்தான் பார்க்கிறது. நான் பார்ப்பது உறையை. அழைத்தால் வர வேண்டும், அழைக்காவிட்டால் குதித்தாலும் குப்புற விழுந்தாலும் வரக்கூடாது. ஒரு மனிதனின் நாவுக்கு இப்படி ஓர் உறை இருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைக்கும், எண்ணிப் பாருங்கள்!

உறையின் இரகசியம் ஒரே ஒரு திருகாணி. இரண்டு பிளாஸ்டிக் பாதிகளை அது இறுக்கிப் பிடிக்கிறது. பாதிகள் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கின்றன. நான் என் உறையின் திருகாணியை நாள்தோறும் காலையில் குளித்து, திருநீறு இட்டு, ஒரு சுற்று இறுக்குவேன். பத்தாண்டுகளாக ஒரு நாள் தவறியதில்லை. சங்கத்தாரின் உறைகளையும் ஞாயிறுதோறும் வாங்கி ஒரு சுற்று இறுக்கித் தருவேன். கேட்டுத் தருவதில்லை. அறத்தைக் கேட்டா தருவது?

இதற்கும் மீறித் துப்பாக்கி விழுந்துவிட்டால், அதன் சொந்தக்காரர் அதைத் தொடலாகாது. கேட்பதற்கு விந்தையாக இருக்கும். ஆனால் கீழே விழுவதால் நேரும் கேட்டைவிட, ஐயோ என்று பாய்ந்து பிடிக்கும் விரல் விசையில் பட்டு நேரும் கேடுதான் பெரிது. ஆகவே சொந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பாதுகாப்பு அலுவலர் வந்து எடுத்து, திறந்து, காலி என்று காட்டி, பைக்குள் வைக்க வேண்டும். விழுந்தது குற்றமன்று. எடுத்தால்தான் குற்றம். எடுத்தவர் போட்டியிலிருந்து நீங்க வேண்டும்.

பார்த்தீர்களா! உங்கள் கைப்பேசி சட்டைப்பையிலிருந்து விழுந்தது. அது தரையைத் தொடும் முன்பே நீங்கள் குனிந்துவிட்டீர்கள். யாரைக் கேட்டுக் குனிந்தீர்கள்? நீங்கள் குனியவில்லை ஐயா, உங்கள் கை குனிந்தது. இதைத்தான் சொல்கிறேன். இதே தவற்றைத்தான் காளியண்ணனும் செய்தார்.

காளியண்ணன் யார் என்று சொல்லிவிடுகிறேன். பரமத்தி சாலையில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருப்பவர். நட்டும் போல்ட்டும் அவருக்குக் கைவிரல் மாதிரி. சங்கத்தின் பாதுகாப்பு அலுவலர்கள் இருவரில் ஒருவர் நான், மற்றவர் அவர். நல்ல மனிதர். ஆனால் விதியை வாயில் போட்டு வெற்றிலை போல மெல்லுவார்.

சென்ற மார்கழியில் உறைச் சோதனையை நான் செம்மைப்படுத்தினேன். அதுவரை நடந்தது வெறும் குதித்தல். காலித் துப்பாக்கியை உறையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் ஐந்து முறை குதிப்பார்கள், விழாவிட்டால் தேர்ச்சி. இதுவா சோதனை? வாழ்க்கை மனிதனை நின்ற இடத்திலா குதிக்க வைக்கிறது? எட்டுச் சோதனைகள் வகுத்தேன். குதித்தல். படியேறி இறங்குதல். சாஷ்டாங்கமாக விழுந்து எழுதல். பந்தியில் சம்மணமிட்டு அமர்ந்து, பாயசம் வரும்வரை எழாதிருத்தல். லாரியின் பின்தட்டில் நின்றபடி வேகத்தடைகளைக் கடத்தல். கும்மி. கோழி பிடித்தல். எட்டாவது, மூக்குப்பொடி போட்டுத் தும்முதல்.

பண்ணைக்காரர்கள் கோழி பிடித்தலை ஆர்வத்தோடு வரவேற்றார்கள். மற்றவற்றுக்கு முணுமுணுத்தார்கள். எங்கள் சங்கத்தின் மிகச் சிறந்த வீராங்கனை டாக்டர் வசுமதி. அரசுக் கால்நடை மருத்துவர். அவர் எழுந்து நின்று, "ஏனுங் சார், கும்மியடிக்கறப்ப துப்பாக்கி எதுக்குங்க கட்டிக்கிட்டுப் போறோம்?" என்று கேட்டார். "போகமாட்டோம் என்பதற்கு உறுதி உண்டா, அம்மா?" என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டார்.

காளியண்ணன் மட்டும் என்னைத் தனியே அழைத்தார். "இன்ஸ்பெக்டருங்க, சோதனை உங்க இஷ்டம். ஆனா அந்த ஸ்குருவப் போட்டு இந்தத் திருகு திருகாதீங்க. பிளாஸ்டிக்கு அது. மரை தேஞ்சு போச்சுன்னா, இறுக்குன மாதிரியே இருக்கும், புடிக்காது" என்றார். சோம்பேறிகள் எப்போதும் இப்படி ஏதேனும் நுட்பம் பேசுவார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அவரையே முதலில் சோதிப்பது என்று முடிவு செய்தேன்.

எனக்கு அவர்மேல் பகை இல்லை. அதற்குச் சான்று சொல்கிறேன்: ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அவருடைய உறையை வாங்கி, என் திருப்புளியால் என் கையாலேயே ஒரு சுற்று இறுக்கிக் கொடுத்தேன். அவர் தோற்க வேண்டும் என்று நினைத்தவன் அப்படிச் செய்வானா? குதித்தார், விழவில்லை. படி ஏறினார். சாஷ்டாங்கமாக விழுந்தார், "இன்ஸ்பெக்டர் காலுல விழுந்தாச்சு, போதுங்களா?" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். பந்தியில் இரண்டு முறை பாயசம் வாங்கினார். லாரி, கும்மி, எல்லாம் கடந்தார். கோழியைப் பிடித்தார், பிடித்த கோழி திமிறிப் பாறை இடுக்கில் ஓடிவிட்டது, ஆனால் துப்பாக்கி அசையவில்லை. ஏழும் தேர்ச்சி.

எட்டாவதாகப் பொடி கொடுத்தேன். அவருக்குப் பழக்கமில்லை. ஒரே தும்மல். கல்குவாரி மூன்று முறை எதிரொலித்தது. துப்பாக்கி உறையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. அவர் உங்களைப் போலவே, கண்ணில் நீர் வழிய, படக்கென்று குனிந்து எடுத்துவிட்டார்.

காலித் துப்பாக்கி. எவருக்கும் காயமில்லை. ஆனால் பாதுகாப்பு அலுவலரே விழுந்ததை எடுத்தால் சங்கம் எங்கே போகும்? புகார் மனு எழுதினேன். பதவி பறிபோனது. அத்துடன் மாவட்டத் தேர்வில் பங்கேற்கும் உரிமையும் ஓராண்டுக்குப் போயிற்று. அவர் ஒன்றும் வாதாடவில்லை. உறையை மட்டும் என்னிடம் நீட்டி, "இதைத் தொறந்து பாருங்க" என்றார். நான் திறக்கவில்லை. குற்றம் கையில் இருக்கும்போது உறையைத் திறந்து என்ன காண்பது? பதவி பறிக்கப்பட்டவர் குறுக்கு வழியில் திரும்பிவிடக்கூடாது என்று விதி பதினான்கையும் நானே இயற்றினேன்: புகார் செய்தவர் தம் புகாரைக் காரணம் எழுதித் திரும்பப் பெற்றாலன்றி, நீக்கப்பட்டவரைச் சேர்க்கவோ, அவர் இடத்தில் வேறொருவரை அமர்த்தவோ கூடாது. ஒருமனதாக நிறைவேறியது. அன்று மதிய உணவு தாமதமாகிக்கொண்டிருந்தது.

இனி இன்று காலைக்கு வருகிறேன்.

நாளை காலை ஏழு மணிக்கு இங்கே மாவட்டத் தேர்வு. இன்று மாலை ஆறு மணிக்கு மாநிலச் சங்கத்தின் பார்வையாளர் மைதானத்தைப் பார்வையிட வருகிறார். அவர் பார்க்கும்போது தரையில் ஒரு துப்பாக்கி கிடந்தால் மைதானத்தைப் பூட்டிவிடுவார், தேர்வு இல்லை, எங்கள் மாவட்டத்திலிருந்து மாநிலப் போட்டிக்கு எவரும் போக முடியாது. வசுமதி சென்ற ஆண்டு அரை நொடியில் வாய்ப்பைத் தவறவிட்டவர். அதன்பின் ஓராண்டாகத் தினமும் விடியுமுன் எழுந்து வீட்டுச் சுவரைப் பார்த்து உருவிப் பழகுகிறார். அவர் கணவர் அந்தப் பக்கமே போவதில்லையாம்.

காலை எட்டரைக்குப் போட்டியாளர் பதினொருவரையும் நிறுத்தி, உறையின் மாண்பைப் பற்றி உரையாற்றினேன். நல்ல உரை. "உங்கள் உறைகள் தளரலாம், என் உறை தளராது! ஏனெனில் இது திருகாணியால் அன்று, ஒழுக்கத்தால் இறுக்கப்பட்டது!" என்று சொல்லி வலக்கையை வானை நோக்கி உயர்த்தினேன்.

கை மேலே போயிற்று. துப்பாக்கி கீழே போயிற்று.

என் கை குனியத் துடித்தது, ஐயா. மறைக்கமாட்டேன். அதை இடக்கையால் பிடித்து நிறுத்தினேன். சங்கத்தின் ஒரே பாதுகாப்பு அலுவலர் நான். ஆனால் துப்பாக்கியின் சொந்தக்காரனும் நானே. நான் எடுக்கலாகாது. வேறெவருக்கும் உரிமையில்லை. உரிமை பெறத்தக்க ஒரே மனிதர் பரமத்தி சாலையில் லாரிக்குக் கூண்டு கட்டிக்கொண்டிருந்தார்.

வசுமதி தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார். பதினொரு மணிக்குத் திரும்பினார். "மனுப் போட்டுத்தான எடுத்தாரு, மனுப் போட்டே குடுக்கட்டும். காரணம்னு ஒரு கோடு இருக்குமல்ல, அதுல என்ன எழுதறாருன்னு நான் பாக்கோணும். அப்பறம் வாரேன்" என்றாராம் காளியண்ணன்.

அப்போதிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இலக்குத்தாள்களின் பின்புறத்தில்தான், வேறு தாள் கைக்கு எட்டவில்லை, நகரவும் கூடாது. முதலாவதில், காரணம்: புகார்தாரரின் பெருந்தன்மை. இரண்டாவதில், காரணம்: பொதுநலம். இதற்குள் இந்தக் கோழி வந்துவிட்டது. மார்கழியில் தப்பியோடிய அதே சோதனைக் கோழி. இத்தனை மாதம் பாறை இடுக்கிலேயே வாழ்ந்திருக்கிறது. நேராக வந்தது, துப்பாக்கியைச் சுற்றிப் பார்த்தது, மேலே அமர்ந்துவிட்டது. கோழி தொடலாகாது என்று விதிநூலில் எங்கும் இல்லை, இருமுறை படித்துவிட்டேன். எனினும் மைதானத்தில் உள்ள உயிர்கள் அனைத்துக்கும் நானே பொறுப்பு. ஆகவே மூன்றாவதில், காரணம்: கோழியின் பாதுகாப்பு.

வசுமதி மூன்றையும் படித்தார். "இதக் கொண்டுபோய்க் குடுத்தா அவரு என்னையத்தான் அடிப்பாரு சார். உங்களைக் காட்டியும் எங்க கோழிக சொன்னாக் கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் பண்ணைக்குத் தடுப்பூசி போடப் போய்விட்டார். ஐந்து மணிக்கு வருவார். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். பசி நீண்டுவிட்டது போலும், திரும்பவில்லை.

பெருந்தன்மை என்பது பொய்யா? நான் பெருந்தன்மையோடுதானே எழுதினேன்? உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். என் பணிக்காலத்தில் கண்டது.

சேந்தமங்கலம் சந்தையில் ஒரு புளி வியாபாரி இருந்தார். மாசற்ற மனிதர். தராசில் தூசு இருந்தால் வாங்குபவருக்குக் குறையுமே என்று, பொருள் போடும் தட்டை நாள்தோறும் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். இருபது ஆண்டுகள் தேய்த்தார். தேயத் தேயத் தட்டு கனம் குறைந்தது. நான் சோதித்த அன்று, அந்தத் தராசு ஒவ்வொரு நிறுவைக்கும் எட்டு கிராம் பொய் சொன்னது. "நான் நாணயமானவன்" என்று அழுதார். "நாணயத்தால்தான் தேய்ந்திருக்கிறது" என்று சொல்லித் தராசைப் பறிமுதல் செய்தேன். இந்தக் கதையின் நீதி என்ன? நல்லவர்களையும் சோதிக்க வேண்டும் என்பதே. அதனால்தான் காளியண்ணனை எட்டு முறை சோதித்தேன்.

என்ன கேட்கிறீர்கள்? அவர் உறையை எத்தனை சுற்று இறுக்கினேன் என்றா?

ஒவ்வொரு சோதனைக்கும் ஒன்று என்றேனே. எட்டுச் சோதனை, எட்டுச் சுற்று. அதற்கு முன்பு ஞாயிறுதோறும் ஒன்று. அது தனிக் கணக்கு.

அப்படியானால் அவருடையதை யார்...

உங்களிடம் தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள். இல்லை, இடப்பக்கமாகச் சுற்றி வந்து கொடுங்கள்.

ஐயா, என் இடுப்பை நீங்கள் பாருங்கள். நான் பார்க்க விரும்பவில்லை. உறையில் அந்தத் திருகாணியை விரலால் சுழற்றுங்கள். துப்பாக்கியைத்தான் தொடக்கூடாது, உறையைத் தொடலாம். சுழல்கிறதா? நிற்காமல் சுழல்கிறதா? வலப்புறமும் சுழல்கிறது, இடப்புறமும் சுழல்கிறது, அப்படித்தானே? ஆம். இன்று காலை நான் திருகியபோதும் எளிதாகச் சுழன்றது. பழக்கத்தால் கை நயமாகிவிட்டது என்று மகிழ்ந்தேன்.

"இதைத் தொறந்து பாருங்க" என்றார் அவர்.

தட்டைத் தேய்த்தவன் புளி வியாபாரி மட்டுமல்லன். எட்டு மாதம் என் உறை இடுப்பிலேயே இருந்தது. அவர் நீட்டியதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன், அங்கேயே கிடக்கிறது. இரண்டையும் நான் திறக்கவில்லை. முப்பத்தோராண்டு ஊரார் தராசையெல்லாம் சோதித்தேன். என் திருப்புளியை எவரும் சோதிக்கவில்லை. சோதிக்க வந்த ஒருவரை நான் மனுப் போட்டு நீக்கினேன்.

அந்தத் தாளைக் கொடுங்கள். நான்காவது. உங்கள் முதுகில் வைத்து எழுதிக்கொள்கிறேன், சற்றுத் திரும்புங்கள். எழுதுகிறேன். காரணம்: திருகியவன் நான். அவ்வளவுதான். வேறு சொல் வேண்டாம். கையெழுத்து. சாட்சியாக நீங்கள் ஒன்று போடுங்கள். அரசு ஊழியர் கையெழுத்துக்கு மதிப்புண்டு.

இன்னும் ஒன்று. இதுதான் முக்கியம், மனுவைவிட, தேர்வைவிட. அந்தப் பதினொரு உறைகள்! சென்ற ஞாயிறும் அவற்றை வாங்கினேன், அதற்கு முந்திய ஞாயிறும், அதற்கும் முந்திய ஞாயிறும். நாளை ஏழு மணிக்கு அவற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதோ அங்கே, நிறைந்த துப்பாக்கியோடு நிற்கப்போகிறார்கள். காலியானதை நிறைந்ததாகக் கருதி அல்ல. உண்மையிலேயே நிறைந்ததோடு. வசுமதி அரை நொடியை மிச்சம் பிடிக்க ஓடுவார். ஒவ்வொரு துப்பாக்கியையும் பிடித்திருப்பது என் ஒழுக்கம் மட்டுமே.

மணி நான்கே முக்கால். மீட்டரை நாளை படியுங்கள். மின்சாரம் ஓடும், அது ஓடட்டும். வண்டியை எடுங்கள். பரமத்தி சாலையில், பெட்ரோல் பங்க்கை அடுத்து, நீலக் கூண்டு கட்டிய லாரி நிற்கும் பட்டறை. தாளைக் காளியண்ணன் கையிலேயே கொடுங்கள். பதினொரு உறைக்கும் புதுத் திருகாணி, புது நட்டு எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவரே மாட்டட்டும், அவர் சொல்லும் அளவுக்கு, அதற்கு மேல் கால் சுற்றும் வேண்டாம். வழியில் வசுமதியைக் கண்டால், உறையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். என் பெயரைச் சொன்னால் சிரிப்பார், சிரித்தாலும் கழற்றட்டும். என் திருப்புளியையும் கொண்டுபோங்கள், இங்கே வைக்காதீர்கள். காலையில் என் கை இதைத் தேடும்.

நாளைக்கு என்று எண்ணாதீர்கள், ஐயா. இன்றே, ஆறு மணிக்குள். நான் இங்கேயே நிற்கிறேன்; தொடமாட்டேன். கோழியையும் எழுப்பமாட்டேன். போங்கள், இடப்பக்கமாகப் போங்கள்!